வெயிலின் எண்ணைப் பார்த்து வெளியே கிளம்புதல்: யூவி செயலியையும் சன்ஸ்கிரீனையும் இணைத்துப் பயன்படுத்தும் முறை

ஜனவரி மாதத்தில் வானம் தெளிந்திருக்கும் ஒரு நண்பகலில், கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஸ்வெட்டர் அணிந்து நடப்பவரையும், அதே நேரத்தில் சென்னையில் வியர்க்க வியர்க்கப் பேருந்துக்குக் காத்திருப்பவரையும் எண்ணிப் பாருங்கள். இருவரில் யார் தோலில் புற ஊதாக் கதிர் அதிகம் விழுகிறது என்று கேட்டால், பெரும்பாலானோர் சென்னைக்காரரைத்தான் காட்டுவார்கள். உண்மையில் கொடைக்கானலில் இருப்பவருக்கே அது கூடுதலாக இருக்கும், ஏனெனில் கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. கொடைக்கானலோ 2,000 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. நம் உடல் உணர்வது வெப்பத்தை மட்டுமே. புற ஊதாக் கதிரை உணரும் புலன் எதுவும் நமக்கு இல்லை. தோல் கருத்தோ எரிந்தோ போன பிறகுதான் அது வந்து சென்றதை அறிகிறோம். கைபேசிச் செயலியின் பயன் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது: உணர முடியாத ஒன்றை, வெளியே கிளம்பும் முன்பே எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண்ணை எப்படிப் படிப்பது, அதற்கேற்ப சன்ஸ்கிரீனை எப்போது, எவ்வளவு பூசுவது, செயலி சொல்வதில் எதை நம்பலாம், எதைத் தள்ளிவிடலாம் என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

எண் எதைச் சொல்கிறது

செயலிகளில் யூவி இண்டெக்ஸ் என்று காணப்படுவது புற ஊதாக் குறியீடு. 1992இல் கனடாவில் உருவாக்கப்பட்ட இந்த அளவுகோலைப் பின்னர் உலகச் சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் ஏற்றுக்கொண்டு உலகம் முழுவதற்கும் பொதுவாக்கின. 0 முதல் 2 வரை குறைவு, 3 முதல் 5 வரை மிதம், 6, 7 அதிகம், 8 முதல் 10 வரை மிக அதிகம், 11உம் அதற்கு மேலும் தீவிரம் என்று அதைப் பிரித்திருக்கிறார்கள். மேல் எல்லை என்று ஒன்று கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள உயர்ந்த மலைப் பகுதிகளில் 15ஐயும் தாண்டும்.

நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஓர் எண் உண்டென்றால் அது 3. குறியீடு 3ஐத் தொடும்போதுதான் பாதுகாப்பு தேவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. பெரும்பாலான செயலிகள் ‘பாதுகாப்பு நேரம்’ என்று நிறம் தீட்டிக் காட்டுவதும் குறியீடு 3க்கு மேல் இருக்கும் மணிகளைத்தான். ஆகவே ‘இன்றைய யூவி 12’ என்ற ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டுச் செயலியை மூடிவிடுவது பயன் தராது. அந்த 12 நண்பகலின் உச்சத்தை மட்டும் சொல்கிறது. நமக்கு வேண்டியது மணிவாரி வரைபடம்: குறியீடு 3க்கு மேல் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்குக் கீழே இறங்குகிறது என்ற இரண்டு நேரங்கள்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். சித்திரை மாதத்தில், மேகமற்ற நாளில், காலை எட்டு மணி வரை குறியீடு 3க்குள் அடங்கியிருக்கும். எட்டரைக்குள் அதைத் தாண்டிவிடும். ஒன்பது மணிக்கே 6ஐ நெருங்கி, பன்னிரண்டு மணியைச் சற்றுக் கடந்தபோது 12ஐத் தொட்டு, மாலை நான்கு மணியளவில் மீண்டும் 3க்கு இறங்கும். மெரினாவில் காலை ஆறு மணிக்கு நடப்பவருக்கு சன்ஸ்கிரீன் தேவையில்லை. ஒன்பது மணிக்குப் பள்ளிக் கூட்டத்துக்கு நடந்து செல்பவருக்குத் தேவை. இத்தனைக்கும் ஒன்பது மணி வெயிலை நாம் ‘இளவெயில்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம்மை இன்னும் ஏமாற்றுவது மார்கழி. காற்று குளிர்ந்து, வெயில் இதமாக இருக்கிறதென்று மொட்டை மாடியில் பாய் விரித்துக் காயும் அந்த நாட்களிலும், வானம் தெளிந்திருந்தால் நண்பகல் குறியீடு 7, 8 என்ற அளவுக்குப் போகும். இங்கிலாந்தில் கோடையின் உச்சத்தில் மக்கள் அஞ்சும் அளவு அது. மறுபுறம், புற ஊதாக் கதிரின் உச்சத்தைக் கத்திரி வெயிலோடு மட்டும் கட்டிவைத்துப் பார்ப்பதும் சரியல்ல. சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலும், மறுபடியும் ஆகஸ்ட் நடுவிலும். கத்திரி முடிந்து மழை மேகம் வந்துபோகும் ஆவணித் தொடக்கத்தில் மேகம் விலகும் நாளில் குறியீடு ஏப்ரலுக்குச் சற்றும் குறைவதில்லை. வெப்பநிலையைப் பார்த்து முடிவு செய்பவர் இந்த இரண்டு மாதங்களையும் தவறாகவே கணிப்பார்.

எந்தச் செயலி

உலகச் சுகாதார நிறுவனம், உலக வானிலை அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்து 2022 ஜூன் மாதம் ‘சன்ஸ்மார்ட் குளோபல் யூவி’ என்ற இலவசச் செயலியை வெளியிட்டன. ஊர்ப் பெயரைத் தேடிக் கொடுத்தால், ஐந்து நாட்களுக்கான குறியீட்டு முன்னறிவிப்பையும், பாதுகாப்பு தேவைப்படும் நேரத்தையும் காட்டுவது அதன் வேலை. வெளியானபோது அதில் தமிழ் இல்லை. ஆனால் காட்டுவது எண்ணும் நேரமும் நிறமும் என்பதால் மொழி பெரிய தடையாக இருக்காது. அது ஆஸ்திரேலியாவில் முன்பே இருந்த ஒரு செயலியின் வழியில் வந்தது. வெள்ளைத் தோல் கொண்ட மக்கள் கடும் வெயில் நிலத்தில் குடியேறியதால் தோல் புற்றுநோய் மலிந்த நாடு அது. சட்டை அணி, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி வை என்று 1981லேயே தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் கடற்பறவையைப் பாடவைத்துப் பரப்பியவர்கள் அந்நாட்டினர். மெல்போர்னிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர்கள், பிள்ளைகளின் பள்ளியில் ‘தொப்பி இல்லையென்றால் விளையாட்டு இல்லை’ என்ற விதியைக் கண்டிருப்பார்கள்.

தனிச் செயலி வேண்டாம் என்பவர்கள், கைபேசியோடு வரும் வானிலைச் செயலியைத் திறந்து கீழே நகர்த்திப் பார்க்கலாம். பலவற்றில் யூவி இண்டெக்ஸ் மணிவாரியாகவே இருக்கிறது. ஐபோனின் வானிலைச் செயலியில் அந்தக் கட்டத்தைத் தொட்டால் நாள் முழுவதற்குமான வளைவு விரியும். பெரும்பாலானோருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

ஒரு வகைச் செயலியை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். கைபேசியை வெயிலில் நீட்டினால் கேமரா வழியாகவே புற ஊதாக் கதிரை அளந்து சொல்வதாகக் கூறுபவை அவை. கேமராவின் கண்ணாடி புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை உள்ளே விடாது. அதற்குரிய உணரியும் இன்றைய கைபேசிகளில் வழக்கமாக இருப்பதில்லை. 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 4இல் அப்படி ஓர் உணரியை வைத்துப் பார்த்தார்கள். அந்த வழக்கம் நிலைக்கவில்லை. நல்ல செயலிகள் சூரியனின் உயரம், ஓசோன் படலம், மேகம் ஆகியவற்றைக் கொண்டு வானிலை மையங்கள் கணித்த எண்ணைத்தான் காட்டுகின்றன. அதாவது, அது உங்கள் ஊருக்கான கணிப்பு. நீங்கள் நிற்கும் தெருவுக்கான அளவீடு அல்ல. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாக வரும்.

அமைப்புகளைச் சரிசெய்தல்

செயலியை நிறுவியவுடன் இருப்பிட அனுமதி கேட்கும். ஒரு நகரம் முழுவதற்கும் குறியீடு ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், நீங்கள் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்பது அதற்குத் தேவையே இல்லை. ஐபோனில் துல்லிய இருப்பிடம் என்பதை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12உம் அதற்குப் பிந்தையதும் உள்ள கைபேசிகளில் தோராய இருப்பிடம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அல்லது அனுமதியை மறுத்துவிட்டு, ஊர்ப் பெயரைக் கையால் தட்டச்சு செய்யலாம். பயணம் செல்பவர்கள் போகும் ஊரையும் முன்கூட்டியே சேர்த்து வைத்தால், கிளம்புவதற்கு முந்தைய இரவே அங்கு மறுநாள் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ள முடியும்.

அடுத்து நினைவூட்டல்கள். இரண்டு நினைவூட்டல்கள் போதும்: குறியீடு 3ஐத் தொடுவதற்குச் சற்று முன்பாக ஒன்று, சன்ஸ்கிரீன் பூசிய இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒன்று. மற்ற எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிடுவது நல்லது. நாள்தோறும் பத்து முறை ஒலிக்கும் செயலியை மூன்றாம் நாளே நாம் பொருட்படுத்த மாட்டோம். பத்தாம் நாள் நீக்கிவிடுவோம்.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஒரு சிக்கல் உண்டு. பேட்டரியைச் சேமிப்பதற்காகக் கைபேசி, பின்னணியில் இருக்கும் செயலிகளை உறங்கவைத்துவிடும். அப்போது நினைவூட்டல் வராமலே போகும். தனுஷ்கோடியில் ஒரு முற்பகல் முழுவதும், செயலி ஒலிக்கவில்லையே, இன்னும் நேரம் இருக்கிறது என்று நம்பி மணலில் நடந்துவிட்டு, மாலையில் பின்கழுத்தில் சட்டைக் காலர் பட்டாலே எரியும் நிலையில் திரும்பியபோதுதான் எனக்கு இது தெரியவந்தது. கைபேசி அமைப்புகளில் அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரி என்ற பகுதியில் கட்டுப்பாடற்ற பயன்பாடு என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். அதையும் நம்ப முடியாதவர்கள், பூசியவுடன் கைபேசியின் சாதாரணக் கடிகாரத்தில் இரண்டு மணி நேர டைமரை ஓடவிடலாம். சொல்லப்போனால், அதைவிட நம்பகமான நினைவூட்டலை நான் கண்டதில்லை.

எண்ணைப் பார்த்தபின் செய்ய வேண்டியது

செயலியைப் பார்க்க வேண்டிய நேரம் வெயிலில் நிற்கும்போது அல்ல. காலையில், அன்றைய வேலைகளை வரிசைப்படுத்தும்போது. பகல் முழுவதிலும் வரும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 60 விழுக்காடு காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையிலேயே வந்து விழுகிறது. ஆகவே வங்கிக்குப் போவது, மின்கட்டணம் கட்டுவது, மாடியில் வடாம் பிழிவது போன்றவற்றை அந்த நான்கு மணி நேரத்துக்கு வெளியே தள்ள முடிந்தால், எந்தக் களிம்பும் தர முடியாத பாதுகாப்பு செலவில்லாமல் கிடைத்துவிடும். தள்ள முடியாதவற்றுக்குத்தான் குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை, குளிர்கண்ணாடி. இவற்றாலும் மூட முடியாத இடங்களுக்கு, அதாவது முகம், கழுத்து, காது மடல், புறங்கை, பாதத்தின் மேற்பகுதி ஆகியவற்றுக்குத்தான் சன்ஸ்கிரீன். இந்த வரிசை மாறி, களிம்பைப் பூசிவிட்டோம் என்ற துணிவில் உச்சிவெயிலில் கூடுதலாக அலைபவர்கள் பலர். அவர்களுக்குச் செயலியால் எந்தப் பயனும் இல்லை.

பூச வேண்டிய நேரம், வெளியே கிளம்புவதற்கு 15 முதல் 20 நிமிடங்களுக்கு முன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பூசினால், களிம்பு தோலில் படிந்து சீரான படலமாவதற்குள் பாதி வியர்வையோடு வழிந்துவிடும். காலை எட்டரை மணிக்குக் கிளம்புபவர் எட்டு மணிக்கு நினைவூட்டல் வைத்துக்கொள்வதே சரியான ஏற்பாடு.

அளவு பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் செயலியால் ஒருபோதும் அறிய முடியாத செய்தி இது; பெரும்பாலான பாதுகாப்பு வீணாவதும் இங்கேதான். சன்ஸ்கிரீனின் காப்புத் திறனைக் குறிக்கும் எஸ்பிஎஃப் என்ற எண்ணை ஆய்வகத்தில் அளக்கும்போது, தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் களிம்பைப் பூசுகிறார்கள். வீட்டில் நாம் பூசுவது வழக்கமாக அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். பாதி அளவு பூசினால் பாதிப் பாதுகாப்பாவது கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் களிம்பைக் கோடாகப் பிதுக்கினால் வரும் அளவு வேண்டும். கை ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி. நீச்சலுக்குச் செல்பவர் உடல் முழுவதும் பூசுவதென்றால் ஏழு தேக்கரண்டி, அதாவது 35 மில்லிலிட்டர் ஆகும். நம் கடைகளில் கிடைக்கும் 50 கிராம் குழாய் ஒன்றில் பெரும்பகுதி ஒரே முறையில் தீர்ந்துவிடும்.

இதை உறுதிசெய்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. புதுக் குழாயைத் திறக்கும் நாளை, செயலியிலோ கைபேசியின் குறிப்பேட்டிலோ எழுதி வையுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒருமுறை பூச ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்று கொண்டால், நாளுக்கு இருமுறை பூசுபவருக்கு 50 கிராம் குழாய் மூன்று வாரங்களைத் தாண்டக் கூடாது. அதே குழாய் மூன்று மாதம் வந்தது என்று பெருமையாகச் சொல்பவர், மூன்று மாதமாகப் பெயரளவில் பூசியிருக்கிறார் என்றுதான் பொருள். கையிருப்புக்கு இது கட்டுப்படியாகாது என்றால், விலையுயர்ந்த குழாயைச் சிறுகச் சிறுகத் தடவுவதைவிட, விலை குறைந்த ஒன்றை வாங்கித் தாராளமாகப் பூசுவதே அறிவுடைமை.

வாங்கும்போது உறையில் மூன்றைப் பாருங்கள். முதலாவது எஸ்பிஎஃப், சரியான அளவில் பூசினால் 30 என்பது தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 என்பது 98 விழுக்காட்டை. இரண்டுக்கும் வேறுபாடு சிறிது. 50ஐ வாங்கிக் குறைவாகப் பூசுவது, 30ஐ வாங்கி நிறைவாகப் பூசுவதற்கு ஈடாகாது. இரண்டாவது, தோலைக் கருக்கவைத்துச் சுருக்கமும் விழச்செய்யும் யூவி-ஏ கதிரைத் தடுக்கும் திறன். எஸ்பிஎஃப் பெரும்பாலும் தோலைச் சிவக்கவைக்கும் யூவி-பி என்ற மற்றொரு வகைப் புற ஊதாக் கதிரைப் பற்றியது என்பதால் இதைத் தனியே பார்க்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பிஏ என்ற முத்திரைக்கு அருகே மூன்றோ நான்கோ கூட்டல் குறிகள் இருந்தால் நல்லது. மூன்றாவது காலாவதித் தேதி. அதோடு ஒன்று: வெயிலில் நிறுத்தும் இருசக்கர வண்டியின் சீட்டுக்கு அடியிலும், காரின் டாஷ்போர்டிலும் குழாயை வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் களிம்பு பிரிந்து நீர்த்துவிடும். தேதி மீதமிருந்தும் பயன் இருக்காது.

இரண்டு மணி நேர நினைவூட்டல் ஒலிக்கும்போது என்ன செய்வது? வெளியில்தான் இருக்கிறீர்கள் என்றால், வியர்வையைத் துடைத்துவிட்டு, முதலில் பூசிய அதே அளவில் மறுபடியும் பூச வேண்டும். கடலிலோ குளத்திலோ இறங்கி ஏறினால், துண்டால் அழுத்தித் துடைத்தால், மணியைப் பார்க்காமல் உடனே பூச வேண்டும். டைமரையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைந்து, சன்னலை விட்டுத் தள்ளி அமர்ந்திருந்தால், பதினொன்றுக்கு ஒலிக்கும் நினைவூட்டலைத் தயங்காமல் அணைத்துவிடலாம். மதிய உணவுக்கு வெளியே செல்லும் முன் ஒருமுறை பூசினால் போதும். இரண்டு மணி நேரம் என்பது வெளியில் கழியும் நேரத்துக்கான கணக்கு. அறைக்குள் அமர்ந்திருப்பவரையும் மணி தவறாமல் பூசச் சொல்லும் செயலி, களிம்பு விற்பவருக்காக எழுதப்பட்டதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

‘இன்னும் இத்தனை நிமிடம்’ என்ற கணக்கு

சில செயலிகள் தோலின் நிறத்தைக் கேட்டு, எஸ்பிஎஃப் எண்ணையும் வாங்கிக்கொண்டு, ‘நீங்கள் இன்னும் 47 நிமிடம் வெயிலில் இருக்கலாம்’ என்பதுபோல் எண்ணிக் காட்டும். பார்ப்பதற்குத் துல்லியமாகத் தெரியும் இந்த எண்ணைத்தான் மிகக் குறைவாக நம்ப வேண்டும். அதன் உள்ளே நடக்கும் கணக்கைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

குறியீட்டின் ஒவ்வோர் அலகும், தோலைச் சிவக்கவைக்கும் திறனைக் கொண்டு எடையிட்ட கதிர் ஒரு சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் என்பதைக் குறிக்கிறது. குறியீடு 12 என்றால் 300 மில்லிவாட். ஒரு நிமிடத்தில் 18 ஜூல். மிக வெளிறிய தோல் சிவப்பதற்கு ஏறத்தாழ 200 ஜூல் போதும் என்று வைத்துக்கொண்டால் 11 நிமிடம் ஆகிறது. பழுப்புத் தோலுக்கு 600 ஜூல் என்று வைத்தால் 33 நிமிடம். தோல் வகை என்ற ஒரே பொத்தானை மாற்றி அழுத்தியதும் விடை மும்மடங்காகிவிட்டது. அந்தத் தோல் வகைப் பட்டியலோ, தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975இல், ஒளிச் சிகிச்சைக்கு எவ்வளவு கதிர் கொடுப்பது என்று முடிவு செய்வதற்காக, வெள்ளைத் தோலை முன்வைத்து வகுத்தது. பழுப்பும் கருப்பும் அதில் பிற்பாடு சேர்க்கப்பட்டவை. ஒரே வீட்டில் அண்ணன், தங்கை, அம்மா என்று மூன்று நிறங்கள் இருக்கும் நம் குடும்பங்களை அந்தப் பட்டியலின் ஒரு கட்டத்தில் அடைத்துவிட முடியாது.

அடுத்து, செயலி அந்த 33 நிமிடத்தை எஸ்பிஎஃப் 50ஆல் பெருக்குகிறது. விடை 27 மணி நேரத்துக்கு மேல் வரும்! ஒரு நாளில் இல்லாத வெயிலுக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. ஆய்வக அளவில் பூசியவர் யாருமில்லை, வியர்வையும் துடைப்பதும் இடையில் உண்டு என்பவை இந்தப் பெருக்கலில் இல்லை. ஆகவே மீதி நிமிடங்களைக் காட்டும் வசதி உங்கள் செயலியில் இருந்தால், அதை அணைத்துவிட்டு, இரண்டு மணி நேர நினைவூட்டலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவத்தல் ஒன்றையே சேதத்தின் அடையாளமாகக் கொள்வதும் நம் தோலுக்குப் பொருந்தாது. கருமையான தோலில் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. நமக்கு வரும் தொல்லைகள் வேறு. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு, பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கரும்புள்ளி, ஒரே கையில் கடிகாரப் பட்டையின் வெள்ளை அடையாளம் ஆகியவற்றுக்குத்தான் நம்மில் பெரும்பாலோர் மருத்துவரிடம் போகிறோம். புற ஊதாக் கதிரால் வரும் தோல் புற்றுநோய், கருமையான தோலில் வெள்ளைத் தோலைவிட மிக அரிது. இதை மறைத்து அச்சமூட்ட வேண்டிய தேவை இல்லை. ஆனால் தோலுக்குக் கருமை தரும் நிறமியான மெலனின் கண்ணுக்குத் தரும் காப்பு போதாது. கண்புரைக்கு நீண்டகால வெயிலும் ஒரு காரணம் என்பதால், குளிர்கண்ணாடியும் அகலத் தொப்பியும் எல்லா நிறத்தாருக்கும் உரியவை. மங்கு உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் மங்கைக் கூட்டும். யூவி செயலி அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. தோல் நிறத்தை ஒத்த, இரும்பு ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் அந்த ஒளியையும் ஓரளவு தடுக்கும்.

செயலிக்குத் தெரியாதவை

செயலி காட்டுவது, திறந்த வெளியில் சமதளத்தில் விழும் கதிரின் கணிப்பு. நீங்கள் வேப்பமரத்தடியில் நிற்கிறீர்களா, மணலில் நிற்கிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. கடற்கரை மணல் 15 விழுக்காடு வரையும், கடல் நுரை 25 விழுக்காடு வரையும் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன. தொப்பி போட்டிருந்தும் தாடையிலும் மூக்கின் அடியிலும் கருப்பது இதனால்தான். தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்திலும், மேலே இருப்பதில் 40 விழுக்காடு கதிர் இருக்கிறது. நிழல் என்று நாம் நம்பும் இடத்திலும், வானத்தின் நீலம் தெரிந்தால் அங்கிருந்து சிதறிய கதிர் வந்துகொண்டிருக்கும். தனித்து நிற்கும் ஒரு குடையைவிட, புங்கமரங்கள் நெருங்கி நிற்கும் தோப்பின் நிழல் பல மடங்கு மேலானது. மெல்லிய மேகத்தை நம்பவே கூடாது. புற ஊதாக் கதிரில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதை ஊடுருவிவிடும். வெப்பம் குறைந்து இதமாகத் தோன்றும் அந்த மூட்டமான முற்பகலில்தான் நாம் குடையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம்.

செயலியின் கணிப்பு சரிதானா என்று பார்க்க, நம் முன்னோர் பொழுது அறியப் பயன்படுத்திய கருவியே போதும்: உங்கள் நிழல். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால், நம் ஊர்களில் தெளிந்த வானத்தின் கீழ் குறியீடு 6க்கு மேல் இருக்கும் என்று கொள்ளலாம். நிழல் உங்கள் உயரத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல் நீண்டிருந்தால், பெரும்பாலும் 3க்குக் கீழேதான். சிக்னல் கிடைக்காத கடற்கரையிலும், பேட்டரி தீர்ந்த மலைப்பாதையிலும் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

இருசக்கர வண்டி ஓட்டுபவர்கள் முழங்கைக்குக் கீழும் புறங்கையிலும் பூச மறக்கிறார்கள். கைப்பிடியைப் பற்றியிருக்கும் கை வானத்தை நோக்கியே இருப்பதால், முகத்தைவிட அதிலேயே அதிகம் விழுகிறது. அவர்களுக்குக் களிம்பைவிடத் துணிக் கையுறை எளிது. காரில் செல்பவர்களுக்கு முன்கண்ணாடி யூவி-ஏ கதிரையும் பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி பல கார்களில் அதில் ஒரு பகுதியை விடும். நம் நாட்டில் ஓட்டுநருக்கு வலக்கை அதிகம் கருப்பதற்கு இதுவே காரணம்.

வயல் வேலை, கட்டட வேலை, தெருவோர வியாபாரம் என்று நாள் முழுவதும் வெயிலில் நிற்பவர்களிடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை களிம்பு பூசச் சொல்வது, அதன் விலையும் வியர்வையும் தெரியாதவர் பேச்சு. அவர்களுக்குச் செயலியின் மணிவாரி வரைபடம் வேறு விதத்தில் உதவும்: மேற்பார்வையாளரோ குழுத்தலைவரோ அதைப் பார்த்து, திறந்தவெளி வேலையை அதிகாலைக்கும், நிழலில் செய்யக்கூடியதை நண்பகலுக்கும் மாற்றி அமைக்கலாம். மற்றபடி தலையில் முண்டாசும், நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும்தான் அவர்களுக்குச் சிறந்த சன்ஸ்கிரீன். இரண்டையும் மறுபடி பூச வேண்டியதில்லை.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் களிம்பு பூசாமல், நிழலிலும் துணியிலும் காப்பதே வழக்கமான மருத்துவ அறிவுரை. டாக்ஸிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி, இரத்த அழுத்தத்துக்கான தயாசைடு வகை மாத்திரை, பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் ஆகியவற்றை உட்கொள்பவர்களுக்கு வழக்கத்தைவிடக் குறைந்த வெயிலிலேயே தோல் எரியும். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களுக்கும் அப்படியே. செயலியின் வரம்புகள் இவர்களுக்கானவை அல்ல. மருந்துக் கடையில் மாத்திரையை வாங்கும்போதே, வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிடுவது நல்லது.

வைட்டமின் டி எவ்வளவு உற்பத்தியானது என்று எண்ணிக் காட்டும் செயலிகளும் உண்டு. தோலின் நிறம், வயது, உடலில் எவ்வளவு பகுதி திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது பெரிதும் மாறும். ஆகவே அந்த எண்ணை நம்பி உச்சிவெயிலில் நிற்பதைவிட, ஐயம் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைக் கேட்பதே நேர்வழி.

முதல் ஒரு மாதம் மட்டும், வெளியே சென்ற நாட்களில் நண்பகல் குறியீட்டையும், எத்தனை முறை பூசினீர்கள் என்பதையும், மாலையில் தோல் எப்படி இருந்தது என்பதையும் ஒற்றை வரியில் கைபேசியில் குறித்து வாருங்கள். எந்த எண்ணில் உங்கள் தோல் எரிகிறது, எதில் ஒன்றும் ஆவதில்லை என்பது அந்த முப்பது வரிகளிலிருந்தே தெரிந்துவிடும். அதன்பின் செயலியின் பொதுவான எச்சரிக்கை அளவை உங்களுக்கு ஏற்ற எண்ணுக்கு மாற்றி வைக்கலாம். குறியீடு 3க்குக் கீழே இறங்கும் மாலை வேளைக்கு மேல் நினைவூட்டல் எதுவும் ஒலிக்காதபடியும் அமைத்துவிடலாம்.